கூரையைத் தொடாத தீ

"டீ தீர்ந்துபோச்சு" என்றார் கடைக்காரர்.

அவருக்குப் பின்னால் அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. புதினா வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது.

ஜுஹைர் கெண்டியையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தான். "பரவாயில்லை. அந்த ஆவியைப் பிடிச்சு ஒரு கிளாஸ் குடுங்க. மேல ரெண்டு பாதாம் போட்டுடுங்க."

கடைக்காரர் சிரிக்கவில்லை. கடையில் உட்கார்ந்திருந்த யாரும் சிரிக்கவில்லை. டோமினோ ஆடிக்கொண்டிருந்த கைகள் நின்றுபோயிருந்தன.

"கூட்டமைப்பு ஆளுங்களுக்கு இந்த ஊர்ல டீ கிடையாது. ஆவியும் கிடையாது."

"நாங்க கூட்டமைப்பு ஆளுங்க இல்லைங்க" என்றாள் ராதியா தர்கூனி.

"அவங்க அனுப்பின கார்லதானே வந்து இறங்கினீங்க?"

ராதியா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். சுங்க இலாகாவில் கள்ளக்கடத்தல்காரர்களின் பெட்டிகளைத் திறந்து பழகியவள் அவள். மேலதிகாரி ஒருவரின் பெட்டியையும் திறந்துவிட்டதால் வேலை போய், இப்போது துனிஸ் நகரத்தில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஜுஹைர் அங்கே உதவியாளன், டிரைவர், சில நாட்களில் சமையல்காரன்.

"மேடம், நம்மளைக் கூப்பிட்டது யாரு, அடிக்கப்போறது யாருன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. எந்தப் பக்கம் குனியணும்னு தெரிஞ்சுக்கறேன்."

"கூப்பிட்டது தேசிய ஹைட்ரஜன் தொழில் கூட்டமைப்பு. நாடு முழுக்க ஹைட்ரஜன் தொழிலை வளர்க்கணும்னு கம்பெனிக்காரங்க எல்லாம் சேர்ந்து வச்ச சங்கம். ஊர் ஊரா கூடாரம் போட்டு, ஹைட்ரஜன் அடுப்புல டீ போட்டுக் குடுத்து, ஜனங்களைச் சமாதானப்படுத்தறாங்க. இந்த ஊர்க் கடற்கரையிலதான் முதல் ஆலை வரப்போகுது."

"அதனால ஊரே டீ குடிக்கறதை விட்டுடுச்சா?"

"இங்க கிணறெல்லாம் உப்பாகிப்போச்சு. பேரீச்சைத் தோப்பு காயுது. தண்ணியை உடைச்சு வாயு எடுக்கப்போறோம்னு வந்து நின்னா என்ன பண்ணுவாங்க? முந்தாநாள் நடுப்பகல்ல கூடாரம் பத்திக்கிச்சு. உள்ள இருந்த இன்ஜினியருக்குக் கால் வெந்துபோச்சு. தோப்புக்காரங்களுக்குத் தலைவியா இருக்கற மப்ரூக்காவைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு. இன்னிக்குச் சாயந்திரம் ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வருது. வெளி ஆள் யாராவது விசாரிச்சுச் சொன்னாத்தான் பேனாவைத் தொடுவோம்னு சொல்லிட்டாங்களாம்."

"அந்த வெளி ஆள் நாம."

"அந்த வெளி ஆள் நான். நீ என்கூட வந்தவன்."

ஸீதி மர்ஸூக் ஊரின் துறைமுகத் திடலில் அந்தக் கூடாரம் நின்றது. வாசலுக்கு மேலே பெரிய பதாகை. 'நாளைய எரிபொருள்! நிறமில்லை, மணமில்லை, கரியில்லை.' அதற்குக் கீழே யாரோ அடுப்புக்கரியால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'தண்ணீரும் இல்லை.'

கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் ஷெத்லி பென் ஜஃபர் இரண்டு கைகளாலும் ராதியாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். வெண்ணெய்க்கட்டி மாதிரி மிருதுவான கைகள். அவர் விட்ட பிறகும் அத்தர் வாசனை அவள் விரல்களில் நின்றது.

"வாங்க மேடம். சும்மா ஒரு பார்வை பார்த்தாப் போதும். யார் செஞ்சாங்கன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்குக் காலையில சந்தையில ஒலிபெருக்கி வச்சு, 'நாளைக்கு இந்தக் கூடாரம் இங்க நிக்காது'ன்னு சொன்னா அந்தப் பொம்பள."

"நிக்குதே" என்றான் ஜுஹைர்.

ஷெத்லி அவனைப் பார்க்காமல் உள்ளே நடந்தார். நடந்துகொண்டே பிரசங்கம். "நமக்கு எண்ணெய்க் கிணறு கிடையாது மேடம். வெயில் இருக்கு, கடல் இருக்கு. வெயில்ல மின்சாரம், கடல்ல தண்ணி, தண்ணியை உடைச்சா ஹைட்ரஜன். எத்தனை மந்திரி வாசல்ல காத்துக்கிடந்து இதை இந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரு தோப்புக்காரி வந்து கெடுக்கறா."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

"டீ கொதிச்சுக்கிட்டிருந்தது. ஜனங்க வரிசையில நின்னாங்க. திடீர்னு ஒரு நாத்தம். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஏதோ கசியுதுன்னு புரிஞ்சு எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். இன்ஜினியர் நஸீம் மட்டும் கசிவைத் தேடறேன்னு உள்ளேயே நின்னான். குப்புன்னு பிடிச்சுக்கிச்சு. அவ பின்பக்கமா நுழைஞ்சு குழாயை அறுத்திருக்கா. தீ பிடிச்சதும் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து அவ ஓடினதைப் பார்த்தவங்க இருக்காங்க."

"சிலிண்டர் எங்கே?"

"அதை வச்சிருந்த பெட்டியோட துனிஸுக்கு அனுப்பிட்டேன். இங்கே வச்சிருக்கறது ஆபத்து. அன்னைக்கே நான் உள்ளே பாய்ஞ்சு வால்வை மூடலைன்னா இந்தத் திடலே இருந்திருக்காது. அப்புறம் வந்த போலீஸ்காரங்களே பத்தடி தள்ளித்தான் நின்னாங்க."

ராதியா தரையில் குந்தினாள். கம்பளம் நூல் நூலாக எரிந்து போயிருந்தது. நாற்காலிகளின் கால்கள் கரிக்கட்டைகளாக இருந்தன. ஆனால் அவற்றின் மேல் போட்டிருந்த மெத்தைகள் அப்படியே கிடந்தன. அவள் மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். கூரைக்கம்புகளுக்கு நடுவே கயிற்றில் ஒட்டிய காகிதக் கொடிகள், சிவப்பும் வெள்ளையுமாக, கடல்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

ஜுஹைரும் மேலே பார்த்தான். "இந்தத் தீக்கு உயரம்னா பயம் போல மேடம்."

ராதியா அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்தால், அவன் தன்னையறியாமல் உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டான் என்று அர்த்தம்.

போலீஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெண்கள் தட்டுகளைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். 'கூடாரம் எரிச்ச கை, மப்ரூக்கா கை' என்று ஒவ்வொரு அடியும் முடிந்தது. கூட்டமைப்பின் காரைப் பார்த்ததும் பாட்டு நின்றது. ஒரு தக்காளி பறந்து வந்து ஜுஹைரின் மார்பில் உடைந்தது.

"நல்லவேளை, பழுத்தது" என்று துடைத்துக்கொண்டான். "காயா இருந்தா வலிச்சிருக்கும்."

இன்ஸ்பெக்டர் ஹம்ரூனி எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"துனிஸ்லேர்ந்து வந்து எனக்கு வேலை கத்துக்குடுக்கப் போறீங்களா?"

"ஒரு தடவை அவளைப் பார்க்கணும்."

"எதுக்கு? மிரட்டினா, ஓடினா, உள்ளங்கையில தீப்புண் இருக்கு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. தப்பு செய்யாதவ வாயை மூடிக்கிட்டு இருப்பாளா?"

"பேசறவங்களை நிறையப் பார்த்திருப்பீங்க சார், வாயை மூடினவங்களை அவ்வளவாப் பார்த்ததில்லை போல" என்றான் ஜுஹைர்.

"உன் சட்டையில என்ன?"

"ஊர்க்காரங்க குடுத்த வரவேற்பு சார்."

மப்ரூக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். காலில் தோப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராதியாவைப் பார்த்த பார்வையில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருந்தது.

"அந்த ஆள் அனுப்பினானா?"

"கார் அவருது. கண்ணு என்னுது" என்றாள் ராதியா. "கை எப்படிச் சுட்டுது அக்கா?"

"உங்க எதிர்காலத்தைத் தொட்டுப் பார்த்தேன்."

"காட்டுங்க."

"காட்டினா என்ன தருவே?"

"ஒண்ணும் தர மாட்டேன். பார்ப்பேன், அவ்வளவுதான்."

அந்தப் பதில் மப்ரூக்காவுக்குப் பிடித்திருக்க வேண்டும். கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வட்டமாக ஒரு காயம். ஓரங்கள் பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து போயின. நடுவில் ஒரு தனிப்புள்ளி.

ராதியா நெடுநேரம் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "இது தீ பட்ட காயம் இல்லை. சூடான இரும்பைப் பிடிச்ச காயம். வால்வோட திருகு அப்படியே அச்சு விழுந்திருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். திருகைத் திறந்துவிட்டா, தீ வச்சா."

"தீ வைக்கறதுக்கு முன்னாடி திருகு சில்லுனு இருக்கும் சார். இப்படிச் சுடணும்னா தீ நல்லா எரிஞ்சு இரும்பு பழுத்த பிறகு பிடிச்சிருக்கணும். எரியற கூடாரத்துக்குள்ள போய் யாராவது திருகைத் தொட்டா, எதுக்குத் தொடுவாங்க?"

ஹம்ரூனியின் வாய் திறந்து மூடியது.

"மூடறதுக்கு" என்றான் ஜுஹைர், அவருக்கு உதவி செய்கிற மாதிரி.

மப்ரூக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலை."

"ஏன் சொல்லலை?" ராதியாவின் குரல் தாழ்ந்தது. "ஜெயிலுக்குப் போகப்போறீங்க. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும்."

"வெளியில கேட்டியா? என் பேரைச் சொல்லிப் பாட்டுக் கட்டறாங்க. பனைச்சாறு விக்கற கிழவன்கூட எனக்காகக் கடையை மூடிட்டு உட்கார்ந்திருக்கான். நான் போய், கூடாரத்தை எரிக்கலைங்க, அணைச்சேன்னு சொல்லவா? அந்தக் கூட்டமைப்புக்காரனைக் காப்பாத்தினேன்னு சொல்லவா? என் முகத்துல யார் முழிப்பாங்க?"

"அப்புறம் எதுக்கு உள்ள போனீங்க?"

"ஒரு ஆம்பளை கத்தினான். கத்தறவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டுக்கிட்டா ஓடுவாங்க?" அவள் சுவரைப் பார்த்தாள். "ஒரே புகை. பெட்டிக்குள்ள கையை விட்டேன். கண்ணு ஒண்ணும் தெரியலை. கை தானா திருகிச்சு, வீட்டுல சமைச்சு முடிச்சதும் திருகற மாதிரி. அப்புறம் அந்தப் பையனைக் கக்கத்துல பிடிச்சுப் பின்பக்கமா இழுத்துப் போட்டேன். அங்கே அந்த ஷெத்லி நின்னுக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் ஓடிட்டேன்."

"உங்களைப் பார்த்தாரா?"

"மூஞ்சிக்கு நேரா."

ராதியா எழுந்தாள். ஹம்ரூனி பின்னாலேயே வந்தார். "இதெல்லாம் அவ சொல்ற கதை. கையெழுத்து விழற வரைக்கும் அவளை வெளியே விடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நீங்க குறுக்க வந்தா உங்களுக்கும் உள்ள இடமிருக்கு."

"சாப்பாடு எப்படி சார்?" என்று கேட்டான் ஜுஹைர். "காலையிலிருந்து எங்களுக்கு இந்த ஊர்ல ஒண்ணும் கிடைக்கலை."

காரில் ஏறியதும் அவன் சாவியைத் திருகவில்லை. "மேடம், அவ 'வீட்டுல திருகற மாதிரி'ன்னு சொன்னப்போ உங்க முகம் மாறிச்சு."

"உலகத்துலயே லேசான வாயு எது?"

"என் சம்பளம்னு சொல்ல வந்தேன். ஹைட்ரஜன்தானே? திருவிழா பலூன்ல அடைச்சு விடுவாங்களே, அதானே?"

"கசிஞ்சா எங்கே போகும்?"

"மேல." அவன் நிறுத்தினான். "கூரைக்கு."

"கூரையில என்ன இருந்தது?"

"காகிதக் கொடி. ஒண்ணுகூட எரியலை." ஜுஹைர் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுத்தான். "எரிஞ்சது கம்பளமும் நாற்காலிக் காலும். அந்த வாயு தரையில உட்கார்ந்திருந்தது. மேடம், தரையில உட்கார்ற வாயு எங்க அம்மா சமையலறையில இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போ."

நஸீமுக்கு இடுப்புக்குக் கீழே கட்டு. இடுப்புக்கு மேலே ஒரு கீறல் இல்லை. தலைமுடிகூடக் கருகவில்லை. முப்பது தாண்டாத முகம். ராதியா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீயை எதுல போட்டீங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "ஷெத்லி சார்கிட்ட கேளுங்க."

"அவர் கால் வேகலை. உங்க கால்தான் வெந்திருக்கு."

"கூட்டமைப்பைப் பத்தி வெளி ஆள்கிட்ட பேச எனக்கு அனுமதி இல்லை."

"வீட்டுச் சிலிண்டரை ஹைட்ரஜன் பெட்டிக்குள்ள வைக்க மட்டும் அனுமதி இருந்ததா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த வார்டில் யாரோ இருமினார்கள். திறந்தபோது அவன் குரல் வேறாக இருந்தது.

"அசல் சிலிண்டரை ரோட்ல கொண்டுவர முடியலை. ஹைட்ரஜனை லாரியில ஏத்தறதுக்கு இந்த நாட்டுல இன்னும் விதியே எழுதலை. விதி வேணும்னு அரசாங்கத்துக்கிட்ட வருஷக்கணக்கா முட்டிக்கிட்டிருக்கறதே எங்க கூட்டமைப்புதான். வரைவு எழுதினதே நான்தான். டெலிவிஷன்காரங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் ஷெத்லி சார் சொன்னாரு, டீக்கு என்ன தெரியப்போகுது எதுல கொதிக்குதுன்னு. அந்த அடுப்பு வேற வாயுவுக்குச் செஞ்சது, இணைப்பு பொருந்தாதுன்னு சொன்னேன். பொருத்துன்னாரு. பொருத்தினேன்."

"கசிஞ்சது."

"கசிஞ்சது. ஆனா மேடம், தப்பு ஹைட்ரஜன் மேல இல்லை. அது அங்கே இருக்கவே இல்லை." அவன் முழங்கையை ஊன்றி எழ முயன்றான். "நான் இதைச் சொன்னா குழு திரும்பிப் போயிடும். எல்லாம் போச்சு. இந்த நாட்டுப் பசங்க வேலைக்காகப் படகு ஏறிக் கடல்ல சாகறாங்க. இங்கேயே ஒரு தொழில் வரணும்னுதான் நான் வெளிநாட்டு வேலையை விட்டுட்டு வந்தேன். அதுவுமில்லாம, அவர் என் உயிரைக் காப்பாத்தினவர். அவரைக் காட்டிக்குடுக்கச் சொல்றீங்களா?"

"யார் காப்பாத்தினது?"

"ஷெத்லி சார். கண்ணு முழிச்சப்போ அவர் முகம்தான் மேல தெரிஞ்சது. அவரே சொன்னாரு, வால்வை மூடிட்டு உன்னை இழுத்துட்டு வந்தேன்னு."

ராதியா அவசரப்படவில்லை. "நஸீம், இன்னிக்குக் காலையில ஷெத்லி எனக்குக் கை குடுத்தார். ரெண்டு கையும். பூ மாதிரி இருந்தது. பழுத்த திருகைப் பிடிச்ச கை வேற ஒண்ணு. அது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. உங்களை இழுத்துப் போட்டதும் அந்தக் கைதான்."

அவன் புரியாமல் பார்த்தான். புரிந்தபோது முகத்திலிருந்த ரத்தம் இறங்கியது.

"அவளா? அவ எங்க பதாகையில கரி பூசினவ. என்னைச் சந்தையில வச்சுத் தண்ணித் திருடன்னு திட்டினவ."

"அவளேதான்."

ஜுஹைர் வழக்கமாக இங்கே எதையாவது சொல்லியிருப்பான். இப்போது கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்து, கட்டுப்போட்ட காலில் மாட்ட முடியாது என்று நினைவு வந்ததும் மறுபடி கீழே வைத்தான்.

நகரசபை மண்டபத்தின் தாழ்வாரத்தில் ஷெத்லி ராதியாவை மறித்தார். அத்தர் வாசனை முன்னால் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே."

"போனேன்."

"அப்ப வெளிப்படையாவே பேசுவோம். ஹைட்ரஜன் வெடிச்சதுன்னு சொன்னீங்கன்னா இந்தத் தொழில் செத்துச்சு. நாங்க ஏமாத்தினோம்னு சொன்னாலும் செத்துச்சு. ஒரு தோப்புக்காரி கோபத்துல செஞ்சுட்டான்னு சொன்னா யாருக்கும் நஷ்டமில்லை."

"அவளுக்கு?"

"அவளுக்கு என்ன? ஏற்கெனவே பாட்டுக் கட்டியாச்சு. நாலு நாள் உள்ள இருந்துட்டு வந்தா தேர்தல்ல நிப்பா." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "உங்களைச் சுங்கத்திலிருந்து எப்படித் துரத்தினாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். இந்தத் தடவை துரத்த உங்களுக்கு வேலைகூட இருக்காது."

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஐரோப்பியக் குழு. அதன் தலைவி நரைத்த குட்டைமுடிக்காரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அவர்களுக்குப் பின்னால் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். கடைசியில் சுவரோரமாக ஊர்க்காரர்கள், கைகளைக் கட்டிக்கொண்டு. மேடைக்குப் பின்னால் அதே வாசகத்தோடு புதிய பதாகை. இதில் யாரும் இன்னும் கரியால் எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் ஹம்ரூனி கதவருகே நின்றிருந்தார்.

ஷெத்லி நன்றாகப் பேசினார். தேசம், வெயில், வருங்காலம். எரிந்த கூடாரத்தைச் சொல்லும்போது குரலைத் தழுதழுக்கவிட்டார். "நான் உள்ளே பாய்ந்து வால்வை மூடினேன்" என்றபோது கூட்டமைப்புக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு ராதியாவை அழைத்தார்.

ராதியா மேடையேறினாள். ஒலிவாங்கியைத் தொடவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்கதான் வால்வை மூடினீங்க?"

"ஆமா."

"தீ எரிஞ்சுக்கிட்டிருந்தப்போ?"

"உயிரைப் பத்தியெல்லாம் அப்ப யோசிக்கலை மேடம்."

"கையைக் காட்டுங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

அவர் காட்டவில்லை. கைகள் தாமாகக் கோட்டுப் பைக்குள் போயின. கதவருகே ஹம்ரூனி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"சரி, வேண்டாம். காலையில என்கிட்ட சொன்னதை மட்டும் இவங்ககிட்ட சொல்லுங்க. கசியுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாத்தம் வந்தது. எனக்கு மூக்கு கொஞ்சம்…" அவர் நிறுத்திக்கொண்டார். தாமதமாக நிறுத்தினார்.

ராதியா பதாகையை நோக்கித் திரும்பினாள். "பின்னால எழுதியிருக்கறதைக் கொஞ்சம் படிங்க சார். மூணு 'இல்லை' இருக்கே, அதுல ரெண்டாவது."

சுவரோரத்திலிருந்து டீக்கடைக்காரர் படித்தார், சத்தமாக. "மணமில்லை."

"மணமில்லாத வாயுவை முகர்ந்து கண்டுபிடிச்சீங்க" என்றாள் ராதியா. "நாத்தம் வர்றது நம்ம வீட்டு அடுப்புக் காஸ்ல. கசிஞ்சா தெரியணும்னு அதுல வேணும்னே மருந்து கலப்பாங்க. ஹைட்ரஜன்னு சொல்லி, சமையல் காஸ்ல டீ போட்டுக் குடுத்தீங்க."

மொழிபெயர்ப்பாளர் கிசுகிசுத்தார். குழுத்தலைவி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

ஷெத்லியின் முகத்தில் திகைப்பு அரை நொடிதான் இருந்தது. பிறகு அங்கே வேறொரு முகம் வந்துவிட்டது, வருத்தப்படும் தகப்பனின் முகம். "நண்பர்களே, எனக்கும் இதைக் கேட்க அதிர்ச்சியா இருக்கு. சிலிண்டர் பொறுப்பு முழுக்க இன்ஜினியர் நஸீமோடது. எனக்குத் தெரியாம அவன் இப்படிச் செய்வான்னு நான் கனவுலயும் நினைக்கலை. படுத்த படுக்கையா கிடக்கறவனைப் பத்தி இதுக்குமேல பேச விரும்பலை."

ராதியா கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. ஜுஹைர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பேசுங்க சார்" என்றான் நஸீம். "நான் இங்கேதான் இருக்கேன்."

நாற்காலி இருக்கைகளுக்கு நடுவே வந்து நின்றது. அவன் குழுவைப் பார்க்கவில்லை. ஷெத்லியைப் பார்த்தான்.

"மாட்டினது என் கைதான். நீங்க சொன்னீங்க, நான் மாட்டினேன். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. அது என் தப்பு. ஆனா என்னை இழுத்துப் போட்டது நீங்க இல்லை. அதைச் செஞ்சது மப்ரூக்கா. அதைக் கண்ணால பார்த்துட்டு, அவளையே பிடிச்சுக்குடுத்தீங்க. என்கிட்ட வந்து நான்தான் உன் உயிரைக் காப்பாத்தினேன்னு சொன்னீங்க. நானும் நன்றி சொன்னேன்."

ஷெத்லி ஏதோ சொன்னார். கூட்டமைப்பின் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்ததில் அது கேட்கவில்லை. அவருக்குக் கை தட்டியவர்கள் இப்போது அவரைத் தொடாமல் ஒதுங்கி நடந்தார்கள். ஹம்ரூனி மேடையை நோக்கி நடந்தார். காலையில் இருந்த மிடுக்கு அந்த நடையில் இல்லை.

குழுத்தலைவி எழுந்து நஸீமிடம் வந்தாள். மொழிபெயர்ப்பாளர் அவள் சொன்னதைச் சொன்னார். "இன்னிக்குக் கையெழுத்து இல்லை. அந்தப் பாதுகாப்பு விதிகளை எழுதினது நீங்கதான்னு கேள்விப்பட்டோம். அது சட்டமாகட்டும். தண்ணி எங்கேருந்து வரும்னு இந்த ஊர் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லுங்க. அப்புறம் கூப்பிடுங்க. வருவோமான்னு தெரியாது."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வர வேண்டாம்." யாரும் அதை அடக்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் மப்ரூக்காவை வெளியே விட்டார்கள். மண்டபத்துச் செய்தி அவளுக்கு முன்பே போலீஸ் நிலையத்து வாசலுக்குப் போயிருந்தது. தட்டுகள் தரையில் கிடந்தன. பாட்டு இல்லை. அவள் படியிறங்கியபோது யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். எரிக்காதவளை எப்படி வரவேற்பது என்று யாருக்கும் யோசனை இல்லை. பனைச்சாற்றுக் கிழவர் மட்டும் ஒரு குவளையை நீட்டினார். அவள் இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலி நின்றது. ராதியாவும் ஜுஹைரும் அதற்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். மப்ரூக்கா அவர்களைப் பார்த்தாள். குவளையைக் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

நஸீம் எதையோ சொல்லத் தயாரித்து வைத்திருந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"எரியுது."

"கையும் எரியுது." அவள் அவனுடைய கட்டுகளைப் பார்த்தாள். "உன் ஆலையை வர விட மாட்டேன். தெரியும்ல?"

"தெரியும்."

"என் தோப்புக்குப் போற வாய்க்கால்ல ஒரு சொட்டு குறைஞ்சாலும் கடப்பாரை எடுத்துட்டு வருவேன். உன்னைக் காப்பாத்தினேன்னு உனக்குச் சலுகை கிடையாது."

"நானும் விட மாட்டேன் அக்கா. ஆலை வரும். சரியா வரும்."

"அப்போ சீக்கிரம் எழுந்திரு" என்றாள் மப்ரூக்கா. "உட்கார்ந்திருக்கறவன்கூட சண்டை போட எனக்குப் பிடிக்காது."

அவள் திரும்பித் தன் ஜனங்களுக்கு நடுவே நடந்தாள். அவர்கள் வழிவிட்டார்கள். முதல் ஆள் அவள் பின்னால் நடக்க ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொருவராக நடந்தார்கள்.